கோழியும் நரியும்

நரி முகத்தில் விழித்தல் நற்பேறு என்பர் நம் மக்கள். கோழி வளர்ப்போர் அவ்வாறு எண்ணார். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் ஆகிய வட்டங்களில் காட்டையடுத்த சிற்றூர்கள் பல உள்ளன. அங்குள்ள எளிய உழவர்க்குப் புறக்கடைக் கோழியே கைமுதல். முட்டை விற்ற காசு பிள்ளைகளின் ஏட்டுச் சுவடிக்கும் உதவும். அக்கோழியை நரி கவர்ந்தால் இழப்புப் பெரிதன்றோ?

ஆயினும், நரியைக் கொல்லுதல் தீர்வாகாது. அது வயல் எலிகளைத் தின்று, கேழ்வரகையும் நிலக்கடலையையும் காக்கின்றது. மேலும், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நரியை வேட்டையாடுதல் குற்றமாகும்.

பின் செய்யத்தக்கது யாது? நரி பெரும்பாலும் அந்தியிலிருந்து விடியல்வரை இரை தேடும். ஆதலின், பொழுது சாயுமுன் கோழிகளை அடைத்தல் வேண்டும். வெறும் பஞ்சாரத்தை நரி எளிதில் புரட்டிவிடும். ஆகவே, கூட்டைச் சுற்றி நெருங்கிய கம்பிவலை அமைத்து, கதவிற்குத் தாழிடுக. நரி மண்ணைப் பறித்து நுழையும். அதனால் வலையின் அடியை ஒரு முழ ஆழம் புதைத்து, மேலே கற்களைப் பரப்புக. கோழிக்கழிவுகளை வெளியில் எறியாது புதைத்திடுக. அவற்றின் நாற்றமே நரியை அழைக்கும்.

திறந்த கூடு கோழியின் உயிரை வாங்கும். பின்னர் மனிதர் சினத்தால் நரியின் உயிரையும் வாங்கும். தாழிட்ட கூடோ இரண்டிற்கும் காவலாம்.