மூடி இறுகிவிட்டது, போதாதா?

கேள்வி: நான் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். ஆறு வருடமாக வீட்டு நிலவறையில் பியர் காய்ச்சுகிறேன். மாதத்துக்கு ஒரு தடவை, 19 லீற்றர். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் முந்தியே ஈஸ்ட்டைப் பெருக்குவதற்கென்று ஒரு லீற்றர் வோர்ட் (இனிப்பான மால்ட் சாறு) காய்ச்சி ஆறவைப்பது பெரிய அலுப்பு. போன மாதம் தானியத்தைக் கழுவியதில் மிஞ்சிய சாற்றை வீணாக்க மனமில்லாமல் நன்றாகக் கொதிக்கவைத்து, அந்தச் சூட்டோடேயே மேசன் போத்தல்களில் ஊற்றி மூடினேன். பன்னிரண்டு போத்தல். ஆறும்போது மூடிகள் ஒவ்வொன்றாக 'டிக்' என்று உள்ளே இழுபட்டன. அலுமாரியில் அடுக்கி, மூன்றைப் பாவித்தும் விட்டேன். பியர் நன்றாகவே வந்தது. இப்போது ஒரு நண்பர், அது நஞ்சாகலாம், எறிந்துவிடு என்கிறார். என் அம்மா போடும் எலுமிச்சை ஊறுகாய் இதே மாதிரிப் போத்தலில் ஒரு வருடம் இருக்கிறதே? கொஞ்சம் ஹாப்ஸ் போட்டால் காக்காதா? வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது. அதில் வைப்பதென்றால் எத்தனை விசில்?

பின்குறிப்பு: போத்தலின் அடியில் வெள்ளையாகத் திரள் திரளாகப் படிந்திருக்கிறது. கெட்டுப்போனதற்கு அறிகுறியா?

பதில்: முதலில் அந்த ஒன்பது ஜாடிகள். திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள், ருசி பார்க்கவே பார்க்காதீர்கள். மூடியபடியே கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, குழந்தைகளும் பூனை நாய்களும் எட்டாத குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள். ஜாடி நல்ல விலை என்று தெரியும். இருந்தாலும் போடுங்கள். ஏற்கெனவே பயன்படுத்திய மூன்றைப் பற்றிக் கலங்க வேண்டாம். இந்த நஞ்சு உடலுக்குள் போனால் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தெரியும்; தாமதித்தால் 10 நாள்வரை ஆகலாம். இரட்டைப் பார்வை, இமை சொருகுவது, விழுங்க முடியாமல் போவது, நாக்குக் குழறுவது, இவையே குறிகள். அப்படி ஏதாவது தெரிந்தால் பதிலுக்கு எனக்குக் கடிதம் எழுதாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் நண்பர் பயப்படுவது கிளாஸ்ட்ரிடியம் பாட்யுலினம் என்ற பாக்டீரியாவுக்கு. மண்ணில் வாழ்வது, ஆகவே தானியத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். உயிரோடு இருக்கும் பாக்டீரியா கொதிநீரில் செத்துவிடும். ஆனால் அது தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு வித்தாக உறங்கத் தெரிந்த ஜாதி. அந்த வித்து 100 டிகிரியில் மணிக்கணக்காகக் கொதித்தாலும் தாங்கும். ஆறிய பிறகு காற்று இல்லாத, புளிப்பு இல்லாத, ஈரமும் சத்தும் உள்ள இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். நீங்கள் கட்டிக் கொடுத்தது அச்சாக அப்படிப்பட்ட வீடு. கொதிக்கவைத்ததால் போட்டிக்கு வேறு கிருமி இல்லை. மூடி உள்ளே இழுபட்டதால் காற்றும் இல்லை. மூடி இறுகியதற்கு அர்த்தம் உள்ளே வெற்றிடம் உண்டாகியிருக்கிறது என்பது மட்டுமே. இந்தக் கிருமி தேடுவதும் அதைத்தான்.

ஊறுகாய்க் கேள்வி நல்ல கேள்வி. உங்கள் அம்மாவின் ஜாடியைக் காப்பது மூடியா என்ன? எலுமிச்சையின் புளிப்பும் உப்பும்தான். பி.எச். அளவு 4.6க்குக் கீழே இறங்கிவிட்டால் இந்த வித்து முளைக்காது; எலுமிச்சை ஊறுகாய் அதற்கும் வெகு கீழே இருக்கும். வோர்ட் 5க்கும் 5.5க்கும் நடுவில் நிற்கும். சர்க்கரை காக்கும் என்று நினைத்தால், ஜாம் கெடாமல் இருக்க அதில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் சர்க்கரை வேண்டியிருக்கிறது. ஈஸ்ட் பெருக்கும் வோர்ட்டில் ஏறக்குறைய பத்துதான். அது கிருமிக்குப் பாயசம்.

அப்படியானால் பீர் குடிப்பவர்களுக்கு ஏன் இது வருவதில்லை என்று கேட்பீர்கள். வோர்ட்டைக் காய்ச்சிய அன்றே ஈஸ்ட்டைப் போட்டுவிடுகிறோம். அது வேகமாகப் பெருகி, பி.எச். அளவை 4.6க்குக் கீழே தள்ளி, ஆல்கஹாலையும் உண்டாக்கிவிடுகிறது. வித்து கண் விழிப்பதற்குள் இடம் பறிபோய்விடும். ஈஸ்ட் இல்லாமல் வோர்ட் சும்மா கிடக்கும் நாள்களில்தான் ஆபத்து.

ஹாப்ஸின் கசப்பு, பீரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியா மாதிரியான சிலவற்றை அடக்கும். வித்துகளுக்கு எதிராக அதை நம்பிப் படுக்க முடியாது. ஈஸ்ட் பெருக்கும் வோர்ட்டில் ஹாப்ஸுக்கு வேலையே இல்லை என்பது என் கட்சி.

இந்த நஞ்சை முதலில் ஒழுங்காக விவரித்தவர் ஜெர்மனியின் வியூர்ட்டம்பர்க் பகுதி மருத்துவர் யூஸ்டினுஸ் கெர்னர். 1820இலும் 1822இலும் கெட்டுப்போன தொத்திறைச்சியைப் பற்றி எழுதினார். அதன் சாற்றைத் தன் மீதே சோதித்துப் பார்த்தார். மனிதர் கவிஞரும்கூட. லத்தீனில் தொத்திறைச்சிக்கு 'பாட்டுலஸ்' என்று பெயர். கிருமியின் பெயரில் உள்ள 'பாட்யுலினம்' அதிலிருந்து வந்தது. கிருமி பிடிபட்டது 1895க்குப் பிறகு. பெல்ஜியத்தில் எல்லெசெல் என்ற ஊரில் சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பன்றித் தொடை இறைச்சி சாப்பிட்டார்கள், மூன்று பேர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்து எமில் வான் எர்மெங்கெம் கிருமியைப் பிரித்தெடுத்தார்.

இனி விசில். எத்தனை என்று நான் சொல்ல மாட்டேன். விசில் கணக்கு அடுப்பின் தீயைப் பொறுத்தது, குக்கரில் எவ்வளவு தண்ணீர் என்பதைப் பொறுத்தது, குண்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. பருப்புக்கு அது போதும், வித்துக்குப் போதாது. நம் குக்கரும் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு அழுத்தம் வரை போகக்கூடியதே, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு விசிலுக்கும் அழுத்தம் சட்டென்று விழும். அப்போது ஜாடிக்குள் இருப்பது பொங்கி மூடி இடுக்கு வழியாக வெளியேறும். இன்னொன்று, சின்னக் குக்கர் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். பதப்படுத்தும் நேர அட்டவணைகளோ பெரிய பாத்திரம் மெல்லச் சூடேறி மெல்ல ஆறும் நேரத்தையும் நம்பிப் போடப்பட்டவை. ஒரு குவார்ட் ஜாடிகள் நாலாவது நிற்கிற பாத்திரம் வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்வது இதனால்தான். அதற்கென்றே விற்கும் பிரஷர் கேனர் தனிச் சாமான்.

ஆனால் அதை வாங்க ஓடுவதற்கு முன் ஒன்று யோசியுங்கள். கடையில் விற்கும் உலர்ந்த மால்ட் பொடி என்ன? பதப்படுத்திய வோர்ட்டேதான். வேறு யாரோ ஈரத்தை எடுத்துவிட்டார்கள், அதனால் கிருமிக்கு அதில் ஜீவனம் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் பொடி. அடர்த்தி 1.036 அல்லது 1.038 வரும், ஈஸ்ட் பெருக அது சரியான அளவு. நீராவி பட்டால் பொடி பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆகவே காய்ந்த கிண்ணத்தில் எடை போட்டுப் பச்சைத் தண்ணீரிலேயே கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். நுரை கட்டும் முதல் இரண்டு நிமிடம் பால் காய்ச்சுகிற மாதிரி பக்கத்தில் நில்லுங்கள். என் அடுப்பில் இது பொங்கி வழிந்து கருகிப் பிடித்ததைச் சுரண்ட எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. பத்து நிமிடக் கொதி போதும். பிறகு மூடியோடு பாத்திரத்தை, குழாய்த் தண்ணீர் நிறைத்த தொட்டியில் வைத்துச் சுழற்றுங்கள். உங்கள் ஊரில் குளிர்காலக் குழாய்த் தண்ணீரே ஐஸ் மாதிரிதான். வாசலில் பனிக்குவியலில் செருகிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாத்திரத்தைச் சுற்றிப் பனி உருகிக் காற்றிடைவெளி விழுந்துவிடும், ஆறவே ஆறாது. எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம். இதற்கா அலுப்பு?

அது மட்டுமா, எல்லாத் தடவையும் பெருக்க வேண்டியதும் இல்லை. உலர் ஈஸ்ட் பொட்டலம் என்றால் பெருக்கவே வேண்டாம். புதிய திரவ ஈஸ்ட் பொட்டலத்தில் ஏறத்தாழ 10,000 கோடி செல்கள். 1.048 அடர்த்தியில் 19 லிட்டர் ஏல் பீருக்கு 17,000 கோடி செல் வேண்டும். அந்த இடைவெளிக்குத்தான் நீங்கள் காய்ச்சும் ஒரு லிட்டரோ ஒன்றரை லிட்டரோ. லாகர் என்றால் கணக்கு இரட்டிக்கும்.

உங்கள் மனசு மிஞ்சிய சாற்றில் இருக்கிறது, புரிகிறது. தேங்காயில் முதல் பால் எடுத்துவிட்டுச் சக்கையை எறிய எந்த வீட்டில் மனம் வரும்? அந்த இரண்டாம் சாற்றைக் கொதிக்கவைத்து, வேகமாக ஆற்றி, பிளாஸ்டிக் டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறையும்போது உப்பும், அதனால் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள், கண்ணாடி வேண்டாம். உறைந்த வோர்ட்டில் இந்தக் கிருமி வளராது. தேவைப்படும்போது உருக்கி மறுபடி பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட்டைப் போடுங்கள். ஃப்ரீசர் எதையும் கொல்வதில்லை, நிறுத்தி வைக்கிறது. ஆகவே அந்த இரண்டாம் கொதியைத் தவிர்க்காதீர்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டு இந்த வேலைக்கு ஆகாது. இந்தக் கிருமியின் சில வகைகள் 3 டிகிரியிலேயே வளரும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் அங்கே வைக்காதீர்கள்.

அலமாரியில் அடுக்கினால்தான் திருப்தி என்றால் கேனர் வாங்குங்கள். கண்டிப்பாக முறையோடு செய்யுங்கள். சூடான வோர்ட்டை ஜாடியின் மேல் ஓர் அங்குலம் விட்டு நிரப்பி, வளையத்தை விரல் அளவுக்கு மட்டும் இறுக்கி வையுங்கள். கேனரை மூடிய பின், குண்டு போடாமல் பத்து நிமிடம் ஆவியை ஓடவிடுங்கள். இதைச் சொல்லும்போது என் பழைய தவறு ஞாபகம் வருகிறது. ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், பேருந்துக்கு நேரமாகிறது என்று ஆட்டோகிளேவின் காற்றை முழுக்க வெளியேற்றாமல் திருகிவிட்டுப் போனேன். முள் ஒழுங்காக 15 பவுண்டு காட்டியது. ஒரே வாரத்தில் நாற்பது குடுவை ஊட்டமும் கலங்கிப்போயின. காற்று கலந்த ஆவி, முள் அதே அழுத்தத்தைக் காட்டினாலும், 121 டிகிரியைத் தொடுவதில்லை.

நேரக் கணக்குக்கு இறைச்சி எலும்புச் சாற்றின் அட்டவணையைப் பாருங்கள். அதுவும் வோர்ட் மாதிரித் தண்ணீராக ஓடுவது, புளிப்பில்லாதது. கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் உள்ள ஊர்களுக்கு, குண்டு வைத்த கேனரில் 10 பவுண்டு அழுத்தத்தில் பைன்ட் ஜாடிக்கு 20 நிமிடம், குவார்ட்டுக்கு 25 நிமிடம். நான் வோர்ட்டுக்கு அதே நேரத்தை 15 பவுண்டில் வைப்பேன். நிறம் கொஞ்சம் கறுக்கும். ஈஸ்ட்டுக்கு நிறத்தில் அக்கறை இல்லை. அடுப்பை அணைத்த பிறகு அழுத்தம் தானாக இறங்கட்டும். ஆறியதும் வளையத்தைக் கழற்றிவிட்டு, மூடியை மட்டும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்த ஜாடியை அன்றே கொதிக்கவைத்துப் பயன்படுத்திவிடுங்கள்.

இடையில் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்டாரியோவில் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்ச அனுமதி உண்டு. இங்கே 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் அமலில் இருக்கிறது, வீட்டில் காய்ச்சினால் குற்றம். இந்தப் பதிலைக் காட்டிக் காவல் நிலையத்தில் வாதாட வேண்டாம்.

கடைசியாக, அடியில் படிந்த வெள்ளைத் திரள். அது கெட்டதற்கு அடையாளம் இல்லை. கொதியில் திரிந்து இறங்கிய பார்லிப் புரதம். நஞ்சு ஏறிய ஜாடியும் சில சமயம் தெளிவாகவே இருக்கும். ஆகவே திரளைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், தெளிவைப் பார்த்து நம்பவும் வேண்டாம். அடுத்த முறை புதிதாகக் காய்ச்சும் வோர்ட்டிலும் அது வரும். வடிகட்டாமல் அப்படியே ஊற்றுங்கள், ஈஸ்ட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை.