புனாகா கோட்டையை ஆற்றிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

திம்புவில் காலையில் கிளம்பி, டோச்சுலா கணவாயில் படம் எடுத்துக்கொண்டு, புனாகா ஜோங் என்ற கோட்டை மடத்தை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவது பூடான் பயணிகள் பலரின் வழக்கம். தூரம் சுமார் 75 கிலோமீட்டர்தான். ஆனால் 3,100 மீட்டர் உயரத்துக்கு ஏறி, 1,200 மீட்டருக்கு இறங்கும் வளைந்த மலைப்பாதை. போகவே மூன்று மணி நேரம் பிடிக்கும். அந்தக் களைப்போடு பார்க்கக்கூடிய இடமல்ல இது. ஓர் இரவு புனாகாவிலேயே தங்குவதுதான் நியாயம்.

கோட்டைக்குள் நுழையும் முன் எதிர்க்கரையில் கொஞ்சம் நிற்க வேண்டும். போ சூ, மோ சூ என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில், 1637-ல் பூடானை ஒருங்கிணைத்த துறவித் தலைவர் ஷப்துருங் நவாங் நம்கியால் இதைக் கட்டத் தொடங்கினார். ஆறுகளே அகழி. ஆபத்தும் அவற்றில்தான் வந்தது. 1994 அக்டோபரில் வடக்கே லுனானாவில் லுக்யே சோ என்ற பனிப்பாறை ஏரி உடைந்து, போ சூ வழியே பாய்ந்த வெள்ளம் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கோட்டையின் ஒரு பகுதியையும் சேதப்படுத்தியது. மோ சூவைக் கடக்கும் கூரை வேய்ந்த மரப்பாலமும் 1950-களில் வெள்ளத்தோடு போய், 2008-ல் மறுபடி கட்டப்பட்டதுதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டு பாலத்தில் நடக்கும்போது, காலடியில் ஓடும் தண்ணீர் வேறு மாதிரி தெரிகிறது.

வாசலில் வழிகாட்டி ஒரு கணம் நிற்பார். மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டைப் பிரித்து இடது தோளில் போட்டு, மடிப்புகளைக் கையால் நீவிச் சரிசெய்வார். கப்னே என்ற இந்தத் துண்டை அணியாமல் பூடான் ஆண்கள் ஜோங்குக்குள் போவதில்லை. வருகிறவர்களும் முழுக்கைச் சட்டை, கால் மறைக்கும் உடை அணிந்து, தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு செங்குத்தான மரப்படிகள். எதிரி வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் வகையில் அமைத்தவை என்பார்கள். ஏறும்போது அண்ணாந்து பார்த்தால், மர வேலைப்பாடுகளுக்கு அடியில் பெரிய மலைத்தேன் கூடுகள் தொங்கும். யாரும் கலைப்பதில்லை.

முதல் முற்றத்தில் மாவட்ட நிர்வாக அலுவலகங்கள், வெள்ளை ஸ்தூபி, ஒரு போதி மரம். அங்கேயே படம் எடுத்து முடித்துவிடுகிறார்கள் பலர். என் அனுபவத்தில், நேரத்தை மிச்சம் பிடித்து வைக்க வேண்டியது கடைசி முற்றத்துக்கு. அங்குள்ள பெரிய மண்டபத்தில் பொன் வேய்ந்த தூண்களுக்கு நடுவே புத்தர், குரு ரின்போச்சே, ஷப்துருங் மூவரின் பிரம்மாண்டமான சிலைகள். சுவர்களில் புத்தரின் வாழ்க்கை ஓவியமாக ஓடுகிறது. கேமராவுக்கு அனுமதியில்லை, அது நல்லதே. நமக்குத் தெரிந்த கதைதான் என்பதால், வலமாக நடந்தபடி காட்சி காட்சியாகப் படிக்கலாம்.

பக்கத்திலேயே மாச்சே லகாங் என்ற கோயில். 1651-ல் மறைந்த ஷப்துருங்கின் உடல் இங்கு பாதுகாக்கப்படுகிறது. அவர் தியானத்தில் இருப்பதாகச் சொல்லி, மரணச் செய்தியை அரை நூற்றாண்டுக்கும் மேலாக வெளியிடவில்லை. மன்னர், தலைமைத் துறவி ஜே கென்போ, காவல் துறவிகள் தவிர யாருக்கும் உள்ளே இடமில்லை. கதவைத் திறக்கச் சொல்லி வழிகாட்டியை வற்புறுத்துவது அவரைச் சங்கடப்படுத்தும்.

இந்தியர்கள் பூடானுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு பெற பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை நம்பிப் போகக் கூடாது. தலைக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணமும் உண்டு.

குளிர்காலமே போகச் சிறந்தது. திம்புவின் துறவிகள் அப்போது இங்கு வந்து தங்குவதால் மடம் மடமாகவே இருக்கும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும் திருவிழாவில் ஊர்க்காரர்கள் பழங்காலப் போர்வீரர் வேடத்தில் படியிறங்கி வருவார்கள். திபெத்தியப் படை ஒரு புனிதச் சின்னத்தைக் கைப்பற்ற வந்தபோது, ஷப்துருங் அதை ஆற்றில் எறிவதுபோல் பாவனை செய்து ஏமாற்றினாராம். அதன் நினைவாக ஜே கென்போ மோ சூவில் ஆரஞ்சுப் பழங்களை வீசுவார். பூடான் நாட்காட்டிப்படி தேதி ஆண்டுதோறும் மாறும்; அதைப் பார்த்து மாதக்கணக்கில் முன்னதாகவே அறை பிடித்துவிட வேண்டும்.