கொப்பாவிடம் நேரே கேள்

வல்வெட்டித்துறை,
மாசி மாதம்.

அன்பு மகன்,

கனடாவில் பனி இன்னும் விடவில்லை என்று கொம்மா சொன்னா. சின்னவனுக்குக் காய்ச்சல் மாறிவிட்டதா?

நீ அனுப்பிய கடிதமும் அதோடு வந்த அற்றோணித் தத்துவப் பத்திரமும் கிடைத்தன. கொம்மா பத்திரத்தைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் கையில் தந்தா. கொப்பாவைக் கனடாவுக்குக் கூப்பிடுவதா, இங்கேயே வைத்திருப்பதா என்பதை நீயே யோசித்து முடிவெடு. நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அதற்கு முதல் அவர் இங்கே எப்படி இருக்கிறார் என்று உனக்குச் சரியாகத் தெரியவேண்டும். போனில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு இனி ஒண்டும் விளங்காது போல" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை வாசித்ததில் இருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

அவருக்கு விளங்குகிறது, மகன். மூளையின் இடப்பக்கத்தில் இரத்த ஓட்டம் அடைபட்டதால் வலக்கையும் வலக்காலும் விழுந்தன, கூடவே பேச்சும் போனது. பெரும்பாலான மனிதருக்கு மொழி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவருடைய நாக்கிலும் குறையில்லை, அறிவிலும் குறையில்லை. நினைத்ததைச் சொல்லாக எடுக்கும் வழிதான் பழுதாகிவிட்டது. வைத்தியர்கள் இதை அஃபேசியா என்கிறார்கள். 1861இல் பாரிஸில் போல் புரோக்கா என்ற வைத்தியர் பார்த்த நோயாளி எதைக் கேட்டாலும் "டான், டான்" என்று மட்டும்தான் சொல்லுவாராம். மற்றவர் சொல்வதோ அவருக்கு நன்றாக விளங்கியதாம். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடப்பக்க முன்பகுதிதான் பழுதாகி இருந்தது. கொப்பாவுக்கு அப்படி வாய்த்த சொல் "அதுதான்". தேத்தண்ணி வேண்டுமென்றாலும் அதுதான், கால் நோகிறதென்றாலும் அதுதான். குரலையும் கண்ணையும் பார்த்து நாங்கள் பிரித்தறியப் பழகிவிட்டோம்.

ஒரு நாள் முற்றத்தில் மிளகாய் காயப் போட்டிருந்தோம். கதிரையில் இருந்தவர் வடகிழக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, பாயைக் காட்டி "அதுதான், அதுதான்" என்று இடக்கையால் கதிரைச் சட்டத்தில் அடித்தார். கொம்மா பாயைச் சுருட்டி முடிக்கவில்லை, மழை கொட்டியது. முப்பது வருசம் கப்பலில் நின்ற மனிதர். வாடைக்காற்றை இன்னும் அவருக்குத் தெரியும், அதன் பெயர்தான் வாயில் வருகுதில்லை. நாங்கள் வேகமாகவும் நீட்டியும் கதைத்தால், அல்லது நாலு பேர் ஒன்றாகக் கதைத்தால், அவருக்குப் பிடிபடாது. நீ அழைக்கிற நேரம் ரீவியும் ஓடும், பக்கத்து வீட்டுக்காரரும் இருப்பார்கள், நீயும் வேலைக்கு வெளிக்கிடுகிற அவசரத்தில் கேள்விமேல் கேள்வி கேட்பாய். அவர் முழிப்பார். அதைத்தான் நீ பார்த்தாய்.

இப்போது அந்தப் பத்திர விசயம். போனில் கேட்டபோது அப்பா "ஓம்" என்றார், அதனால்தான் அனுப்பினேன் என்கிறாய். கொப்பாவுடைய "ஓம்" இப்போது ஓம் அல்ல. இந்த நோயில் ஓமும் இல்லையும் மாறி வரும். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே ஓம் என்பார், தலையும் அப்படியே ஆடும். பிறகு தான் சொன்னது பிழை என்று தெரிந்து நெற்றியில் அடித்துக்கொள்ளுவார். அதற்காகத்தான் கிளினிக்கில் இடக்கைப் பெருவிரலை மேலே காட்டவும் கீழே காட்டவும் பழக்கியிருக்கிறார்கள். கேட்டதையே மாற்றி இன்னொரு முறை கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துவந்தால்தான் அது அவர் மனம். நீ ஒருமுறை கேட்டு, ஒரு ஓமை எடுத்துக்கொண்டு, வீட்டையும் வளவையும் உன் பேரில் ஆள எழுதி அனுப்பிவிட்டாய்.

மேற்கு வளவு எங்கள் கையை விட்டு எப்படிப் போனதென்று கொம்மா உனக்குச் சொல்லியிருப்பா. அவ அப்போது சின்னப்பிள்ளை. நான் அறைக்குள் நின்றேன். எங்கள் அப்புவுக்கும் இதே பாரிசவாதம்தான், இதே வலப்பக்கம்தான். அந்தக் காலத்தில் இதற்கொரு பெயரும் எங்களுக்குத் தெரியாது, பயிற்சி என்றும் ஒருவரும் சொல்லவில்லை. எண்ணெய் பூசினார்கள், நூல் கட்டினார்கள். பேச்சு வரவில்லை என்றதும் "அவருக்கு அறளை பெயர்ந்துட்டுது" என்று பெரிய மாமா முடிவு கட்டினார். பிறகு அப்புவின் கட்டில் பின் அறைக்குப் போனது. வருகிற ஆட்கள் வாசலில் நின்று எங்களிடம் அவரைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போவார்கள், அவரிடம் ஒருவரும் கேட்பதில்லை. நொத்தாரிசு வந்த அன்று பெரிய மாமா அப்புவின் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து உறுதியில் வைத்தார். அப்பு கையை இழுத்தார், மகன். இழுத்ததை நான் கண்டேன். "வருத்தத்தில கை உதறுது" என்று சொல்லி மற்றொரு முறை வைத்தார்கள். காணி போனதை நான் பெரிதாக எடுக்கவில்லை, காணி வரும் போகும். அறிவோடு இருந்த மனிதரை அறிவில்லாதவர் என்று அவர் காதுபடவே சொல்லி, அவர் சாகும்வரை அப்படியே நடத்தினார்களே, அதை என்னால் இந்த வயதிலும் மன்னிக்க முடியவில்லை. பெரிய மாமாவின் செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை. அந்தப் பெருவிரலை இன்னொரு முறை இந்தக் குடும்பத்தில் ஒருவரும் பிடித்து வைக்க நான் விடமாட்டேன்.

நீ பெரிய மாமா இல்லை என்று எனக்குத் தெரியும். அவசரக்காரன், அவ்வளவுதான்.

எம்ஜிஆரை நினைத்துப்பார். உன் கொப்பா உயிராய் நேசித்த மனிதர். 1984 ஒக்ரோபரில் சிறுநீரகம் பழுதாகி, பாரிசவாதமும் வந்து, சென்னையில் இருந்து நியூயோர்க் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே படுக்கையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் வென்றார். 1985 பெப்ரவரியில் திரும்பி வந்தபோது பேச்சு பழையபடி இல்லை, சொல் குழறியது. அப்படியிருந்தும் 1987 டிசெம்பர் 24இல் கண்மூடும்வரை அவர்தான் முதலமைச்சர். கதைக்கக் கஷ்டப்படுகிறார் என்பதற்காக அவருடைய ஜனங்கள் அவரை ஒதுக்கிவைக்கவில்லை.

சிகிச்சைக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். குறைவுதான், மறைக்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்போரை இலங்கையில் படிப்பிக்கத் தொடங்கியதே 1997இல்தான், அதுவும் ராகமையில் உள்ள களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில். தமிழில் பயிற்சி கொடுக்கக் கூடியவர்கள் வடக்குக்கு இன்றும் போதாது. கிளினிக் நாள் கிடைக்கும்போது கூட்டிப்போகிறோம், அங்கே பயிற்சி கொடுக்கிற பிள்ளை பொறுமைசாலி. அந்தப் பிள்ளை சொன்னதை மற்ற நாட்களில் வீட்டில் கொம்மாவும் நானும் செய்கிறோம். முதலில் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னோம். அப்பிள், குடை, சீப்பு. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மண்டபச் சுவரில் தொங்கும் அன்னபூரணிக் கப்பலின் படத்தை இறக்கி மடியில் வைத்தேன். 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்த எங்கள் ஊர்க் கப்பல், உனக்குச் சொல்லத் தேவையில்லை. விரலை வைத்து வைத்து வந்தவர், ஒரு இடத்தில் நின்று, "சு... சுக்... சுக்கான்" என்றார். கொம்மா குசினியில் இருந்து ஓடிவந்தா. அதற்குப் பிறகு நங்கூரம் வந்தது, பாய்மரம் வந்தது. இப்போது ஒரு கொப்பியில் அவருக்கு வேண்டிய சொற்களையே எழுதிப் படம் ஒட்டி வைத்திருக்கிறோம்: கள்ளத்தீனிக்கு மிக்சரும் உண்டு, பேரப்பிள்ளைகளின் படமும் உண்டு.

பாட்டு வேறு விதம். கோயிலில் கூட்டத்தோடு சேர்ந்து தேவாரம் முழுவதையும் பிழையில்லாமல் பாடுகிறார். பாடி முடித்து வெளியே வந்து செருப்பு எங்கே என்று கேட்க முடியவில்லை. மனப்பாடமும் இராகமும் மூளையில் வேறு வழியால் வருகின்றன என்று அந்தப் பிள்ளை விளக்கினா. அமெரிக்காவில் பொஸ்ரன் வைத்தியர்கள் 1973இல் இதை வைத்தே ஒரு பயிற்சி முறை எழுதினார்களாம். தேவையான சின்ன வசனத்தை இராகம் போல இழுத்து, இடக்கையால் தாளம் தட்டிச் சொல்லவைத்து, பிறகு மெல்ல மெல்ல இராகத்தைக் குறைப்பது. "தண்ணி வேணும்" என்பதைக் கொம்மா அப்படிப் பாடிப் பாடி வீடே பாட்டாகக் கிடந்தது. இப்போது அதை இராகம் இல்லாமல் கேட்கிறார். வினைச்சொல் இன்னும் கஷ்டம். ஆனால் தைப்பொங்கல் அன்று உதயசூரியன் கடற்கரைக்குப் பட்டம் பார்க்கக் கூட்டிப்போனபோது, பொடியன்கள் பிடித்திருந்த நூலைத் தானும் இடக்கையில் வாங்கி, "இழு... விடு... விடு!" என்றார். அவர்கள் ஒருவரும் அவரை வருத்தக்காரனாகப் பார்க்கவில்லை, விண் பூட்டுகிற விண்ணனாகத்தான் பார்த்தார்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு முன்னேற்றம் இல்லை என்று யாரோ உனக்குச் சொன்னது பிழை. முதல் மாதங்களில் வேகம் கூட, பிறகு குறையும், நின்றுவிடாது. 2017இல் வெளிவந்த ஜேர்மன் ஆய்வு ஒன்றில், நோய் வந்து ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆன 150க்கு மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். மூன்று வாரம், வாரத்துக்குப் பத்து மணித்தியாலத்துக்குக் குறையாமல் பயிற்சி கொடுக்க, அன்றாடப் பேச்சு முன்னேறியது. ஆகவே கவலைப்பட வேண்டியது பயிற்சி நிற்பதைப் பற்றித்தான். பிரசர் குளிசையைப் பற்றியும்தான். கருவாட்டுக்கு அவர் கை நீட்டினால் நான் தட்டிவிடுவேன்.

கனடாவில் நல்ல இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ரொறன்ரோவில் அஃபேசியா இன்ஸ்ரிரியூட் என்ற இடத்தை, தன் கணவர் பேச்சை இழந்த பிறகு பாற் அராட்டோ என்ற பெண்மணி 1979இல் தொடங்கினா. அங்கே சொல்லிக்கொடுக்கிற பெரிய பாடம் என்ன? நோயாளியோடு கதைக்கிறவரைப் பழக்குவது. ரீவியை நிறுத்து, முகத்துக்கு நேரே இரு, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, முக்கியமான சொல்லைக் கடதாசியில் எழுதிக் காட்டு, படம் கீறு, உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லு, பிறகு காத்திரு. இதற்கு விமானச்சீட்டு வேண்டாம். நீயும் மருமகளும் விடியப் போனால் இருட்டித்தான் வீடு. பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பியுங்கோ என்று மூத்தவள் பிறந்த நாளில் இருந்து சொன்னேன், கேட்டீர்களா? உள்ள நாலு தமிழ்ச் சொல்லை மீட்டுக்கொண்டிருக்கிற மனிதர் அந்த வீட்டில் யாரோடு கதைப்பார்? இங்கே மீன்காரன் கேட்டில் நின்று கூப்பிடுகிறான், ஐயர் நின்று விசாரிக்கிறார், பொடியன்கள் பட்டத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அது முழுக்கப் பயிற்சி.

வருத்தக்காரரை விமானத்தில் ஏற்றுவது என்றால் எங்களுக்கு இந்த ஊர்ப் பார்வதி அம்மாதான் நினைவுக்கு வருவா. பாரிசவாதத்தோடு வைத்தியத்துக்கென்று 2010 ஏப்ரலில் சென்னைக்குப் போனவவை விமானத்தால் இறங்கவும் விடாமல் மலேசியாவுக்குத் திருப்பினார்கள். கடைசியில் வல்வெட்டித்துறை ஆஸ்பத்திரியில்தான் கிடந்தா, 2011 பெப்ரவரியில் இங்கேயே போய்ச் சேர்ந்தா. கொப்பாவுடைய நிலைமை வேறு, விசா எடுக்கலாம், தெரியும். ஆனாலும் இருக்கிற இடத்தை விட்டு எடுத்து, அங்கும் இங்கும் கொண்டுதிரிவதை நினைக்க என் நெஞ்சு பதறுகிறது.

மகன், நான் கடுமையாக எழுதிவிட்டேன் என்று கொம்மா சொல்லுகிறா. நீ இரவு வேலையும் பகல் வேலையும் செய்து அனுப்புகிற காசில்தான் வாகனமும் மருந்தும் நடக்கிறது. இந்த ஊரில் உன்னைப்போல ஒரு பிள்ளை யாருக்கு இருக்கிறது? சின்ன வயதில் கொப்பா கப்பலால் வருகிற நாளில் துறையில் நின்று முதலில் கை காட்டுகிறவன் நீ. அவர் இப்போதும் போன் அடித்தால் உன் படத்தைத்தான் தொடுகிறார். மருமகளுக்கும் என் அன்பைச் சொல்லு, அவ பாவம், எல்லாவற்றையும் தாங்குகிறா. பிள்ளைகளுக்கு முத்தம். சித்திரைப் பௌர்ணமி இந்திர விழாவுக்கு ஒருக்கால் எல்லாரும் வந்து நில்லுங்கோ, நான் தோசையும் சம்பலும் செய்து தருவேன், ஒரு வார்த்தை புத்திமதி சொல்லமாட்டேன்.

பத்திரத்தை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன், கிழிக்கவில்லை. பின்னேரத்தில் அழைக்காதே, அவர் களைத்துப்போனால் உள்ள சொல்லும் வராது. வருகிற சனி, உங்களுக்கு இரவு ஒன்பது மணிக்கு எடு. எங்களுக்கு அது ஞாயிறு காலை ஏழரை. ரீவியை நான் நிறுத்தி வைப்பேன், கொப்பியும் மடியில் இருக்கும். கனடாவா, ஊரா என்று ஒரே ஒரு கேள்வியைக் கேள். மாற்றி இன்னொரு முறை கேள். அவர் பெருவிரல் எழும்பும்வரை நீ ஒன்றும் கதைக்காதே.

இப்படிக்கு,
உன் பெரியம்மா