டிவியின் ஒலியை ஸ்டீரியோவுக்குக் கொண்டுவர எந்த வழி நல்லது?

இன்றைய ஒல்லியான டிவிக்குள் நல்ல ஸ்பீக்கர் வைக்க இடமே இல்லை. மிருதங்கத்தின் தொப்பி வெறும் தட்டலாகக் கேட்கும். வசனம் புரிய வேண்டுமென்றால் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கரும் இருந்தால் சவுண்ட்பார் தேடி அலைய வேண்டாம். இருப்பதோடு டிவியையும் டிஸ்க் பிளேயர்களையும் சேர்த்துவிடலாம். எதை எந்த வழியில் சேர்ப்பது என்பதை மட்டும் சரியாக முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஆம்ப்பின் பின்பக்கம்

சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். மேலே ஆக்ஸ், சிடி, டியூனர் என்று எழுதியவை எல்லாம் ஒரே வகை உள்ளீடுதான். எதில் வேண்டுமானாலும் செருகலாம். ஃபோனோ என்று எழுதியதை மட்டும் தொடாதீர்கள். அது ரெக்கார்டு பிளேயரின் ஊசி தரும் சில மில்லிவோல்ட்டைப் பெருக்குவதற்கானது. சிடி பிளேயரிலிருந்து 2 வோல்ட் வரை வரும். அதை ஃபோனோவில் செருகினால் ஒலி உடைந்து அலறும், ஸ்பீக்கருக்கும் ஆபத்து.

டிவியிலிருந்து நான்கு வழிகள்

*ஹெட்ஃபோன் துளை:* ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பின்னும் உள்ள ஒயர் போதும். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது வசதி. டிவியில் சத்தத்தை முக்கால் பங்குக்கு வைத்துவிட்டு மீதியை ஆம்ப்பில் சரிசெய்யுங்கள். டிவியில் மிகக் குறைத்து ஆம்ப்பில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

*ஆப்டிகல்:* துளையின் மூடியைத் தள்ளினால் பல டிவிகளில் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். ஒலி ஒளியாகப் போவதால் இரு கருவிகளுக்கும் இடையே மின்தொடர்பு கிடையாது. அதனால் ஒயர் வழியே வரும் உறுமல் இதில் வராது. பழைய ஆம்ப்பாக இருந்தால் டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் ஒரு சிறிய டிஏசி பெட்டி நடுவில் வேண்டும். டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை 'பிசிஎம்' என்று மாற்றுவது கட்டாயம். அது டால்பி என்றே இருந்தால், ஸ்டீரியோ டிஏசிக்கு அது புரியாது. ஒன்றும் கேட்காது, அல்லது கரகரப்புதான் வரும். இந்த வழியில் பெரும்பாலான டிவிகளின் ரிமோட் சத்தத்தைக் கட்டுப்படுத்தாது. ஆம்ப்பில்தான் மாற்ற வேண்டும்.

*எச்டிஎம்ஐ ஏஆர்சி:* டிவியின் ஒலி எச்டிஎம்ஐ ஒயரிலேயே ஆம்ப்புக்கு வரும் வழி இது. ஆம்ப்பில் ஏஆர்சி என்று எழுதிய துளை இருந்தால் இதைவிட வசதி வேறில்லை. டிவியைப் போட்டால் ஆம்ப்பும் எழும், ஒரே ரிமோட் போதும். ஏஆர்சி 2009-இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. அதற்கு முந்தைய ஆம்ப்பில் தேட வேண்டாம். ஏஆர்சி உள்ள டிஏசி பெட்டி வாங்கிச் சேர்க்கலாம்.

*புளூடூத்:* ஒயர் இழுக்கவே முடியாத வீட்டுக்கு மட்டும். ஒலி சுருக்கப்பட்டு வருகிறது, தாமதமாகவும் வருகிறது. பாட்டுக்குச் சமாளிக்கலாம்; படத்தில் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகும்.

டிஸ்க் பிளேயர்கள்

சிடி பிளேயரில் குழப்பமே இல்லை. சிடியில் இருப்பதே இரண்டு சேனல். சிவப்பு வெள்ளை ஒயரில் நேராக ஆம்ப்புக்குப் போகட்டும். டிவியை இடையில் இழுக்க வேண்டாம்.

டிவிடி, ப்ளூரே பிளேயருக்கு யோசிக்க வேண்டும். டிவி படத்தைச் சீர்செய்து காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். ஒலியைப் பிளேயரிலிருந்து நேராக ஆம்ப்புக்கு எடுத்தால் அது படத்தை முந்திவிடும். ஒலி பிந்துவதைவிட முந்துவதுதான் நமக்குச் சீக்கிரம் உறுத்தும்: சுமார் 45 மில்லிசெகண்டு முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம், பிந்தினால் 125 வரை தெரியாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆகவே படம் பார்க்கப் பிளேயரை எச்டிஎம்ஐயில் டிவிக்குக் கொடுத்து, டிவியின் ஆப்டிகல் அல்லது ஏஆர்சி வழியே ஒலியை எடுங்கள். புதிய ப்ளூரே பிளேயர்கள் பலவற்றில் சிவப்பு வெள்ளைத் துளைகளே இல்லாததால் இதுவே எளிய வழியும்கூட. அதே பிளேயரில் சிடியும் கேட்பவர்கள், துளை இருந்தால் தனியே ஓர் ஆர்சிஏ ஒயரையும் ஆம்ப்புக்குக் கொடுத்து வையுங்கள்.

பிளேயரின் ஒலி அமைப்பில் இரண்டு ஸ்பீக்கர், அதாவது ஸ்டீரியோ என்பதைத் தேர்வு செய்ய மறக்காதீர்கள். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கானது. ஆறு துளைகள் உள்ள பிளேயரில் இடது வலது துளைகளை மட்டும் எடுத்து இதை மாற்றாமல் விட்டால், பின்னணி இசை முழங்கும், வசனம் காணாமல் போகும்.

உறுமல் கேட்டால்

இணைத்ததும் 'உம்ம்' என்று கேட்டால் ஆம்ப்பைக் குறை சொல்லாதீர்கள். கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால், அந்த ஒயர் வழியே வரும் எர்த்துக்கும் வீட்டு எர்த்துக்கும் உள்ள வேறுபாடுதான் காரணம். ஆப்டிகலுக்கு மாறினால் தீரும். உறுமலை நிறுத்த மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் உண்டு. அது உயிருக்கே ஆபத்து; ஒருபோதும் செய்யாதீர்கள்.

எது யாருக்கு?

செலவு கூடாது என்றால் ஹெட்ஃபோன் துளை. உறுமல் இல்லாத தெளிவான ஒலி வேண்டுமென்றால் ஆப்டிகலும் டிஏசியும். வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் ஒரே ரிமோட்டில் கையாள வேண்டுமென்றால் ஏஆர்சி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு விதி மாறாது: படத்தின் ஒலி டிவி வழியே, பாட்டின் ஒலி நேரடியாக. ஒயர் மாற்றும்போதெல்லாம் ஆம்ப்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டே மறுபடி போடுங்கள்.