வெடியில்லாத் தீபாவளி

தீபாவளிச் சாமான்கள் வாங்கத் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குச் செல்கையில், பிள்ளைகள் வெடி கேட்பது வழக்கம். அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டிய பாடம், சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி.

அங்குள்ள வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977இல் பறவைகள் சரணாலயமாயின. நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் அஞ்சிக் கூட்டை விட்டகலும் என்று, அவ்வூரார் பல்லாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் தீபாவளிதோறும் அவர்களுக்கு இனிப்பு வழங்கி நன்றி கூறுகின்றனர்.

இதனால் அறிவது யாது? 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கும்; ஓசையால் குஞ்சுகள் நடுங்காதிருக்க ஊராரின் இரக்கமே வேலி. அவ்விரக்கத்தை மதித்து, மக்களைத் துணையாக்கிக்கொள்வதும் வனச்சரகரின் கடமையே, காவல் மட்டுமன்று.

மகாவீரர் வீடுபேறடைந்த நாளாகத் தீபாவளியைப் போற்றும் நாம் விளக்கேற்றுவோம், வெடி தவிர்ப்போம்.

பயிற்சி: நம் தெரு மரங்களில் கூடு கட்டியுள்ள பறவைகள் எவை? பிள்ளைகளுடன் கண்டு எழுதுக.