கடையும் வீடும் ஒரே கூரையின்கீழ்

பொருள் வாங்கக் கடை வேண்டும். உழைத்துக் களைத்தவர் இளைப்பாற வீடு வேண்டும். நம் தோட்டத்தில் லயத்து வீடுகள் ஒருபுறமும் மளிகைக் கடை மறுபுறமும் உள்ளன. நகரத்திலோ இவை ஒரே கட்டடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன. அம்முறை எவ்வாறு வளர்ந்தது, அங்குக் குடியேறுவோர் அறிய வேண்டியவை எவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பழைய கடைவீடுகள்

1822-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகரை வகுத்த ராபிள்ஸ், தெருவின் இருபுறமும் உள்ள செங்கல் வீடுகளின் முன்னே கூரையிட்ட பொது நடைவழி இருத்தல் வேண்டும் எனப் பணித்தார். அதுவே பின்னர் ஐந்தடி நடைபாதை எனப் பெயர் பெற்றது. கீழே வாணிகம், மேலே குடும்பம், முன்னே ஊராருக்கு நிழல் என்பதே கடைவீட்டின் அமைப்பு.

கோலாலம்பூர் 1881-இல் தீயாலும் வெள்ளத்தாலும் பேரழிவுற்றது. 1882-இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற சுவெட்டன்ஹாம், அத்தாப்புக் குடிசைகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டடங்கள் எழச் செய்தார். அதற்கெனச் செங்கற்சூளைகள் அமைந்த இடமே, நம் மக்கள் மிகுந்து வாழும் பிரிக்பீல்ட்ஸ் ஆகும்.

கடைவீட்டால் வணிகருக்குப் போக்குவரத்துச் செலவு மிஞ்சியது. இரவில் கடைக்குக் காவலும் கிட்டியது. ஆயின், கீழே எண்ணெயும் சாக்கும் குவிந்திருக்க, மேலே குழந்தைகள் உறங்கினர். தீப்பற்றினால் இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டு ஒன்றே இருந்த வீடுகளும் உண்டு. நன்மையும் தீமையும் ஒருங்கே குடியிருந்தன.

இன்றைய அடுக்குமாடிகள்

அதே பிரிக்பீல்ட்ஸின் அருகில், பழைய இரயில்வே நிலத்தில், ஏறத்தாழ 72 ஏக்கர் பரப்பில் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. அங்குள்ள இரயில் நிலையம் 2001-இல் திறக்கப்பட்டது. அதனைச் சுற்றி அலுவலகம், விடுதி, பேரங்காடி, குடியிருப்பு யாவும் அமைந்தன. தோட்டங்களும் இவ்வாறே நகரங்களாகி வருகின்றன. பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் 1995-இல் புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கியமை யாவரும் அறிந்ததே.

பெற்றோர் கவனத்திற்கு

லயத்துக் கூரை ஒழுகினால் தோட்ட நிருவாகத்திடம் முறையிடுகிறோம். சொந்தமாக வாங்கிய அடுக்குமாடி வீட்டிலோ, மின்தூக்கி, படிக்கட்டு, கூரை ஆகியவற்றைப் பேணும் பொறுப்பு உரிமையாளர் அனைவரையும் சாரும். இதற்கென மலேசியாவில் 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடிப் பராமரிப்புச் சட்டம் உள்ளது. மாதப் பராமரிப்புக் கட்டணமும், பெரும் பழுதுகளுக்கெனச் சேமநிதியும் செலுத்துதல் வேண்டும். கட்டண நிலுவை வைத்திருப்பவர் உரிமையாளர் கூட்டத்தில் வாக்களிக்க இயலாது.

கடைகளும் வீடுகளும் கலந்துள்ள கட்டடத்தில் ஓர் ஐயம் எழும். கடைக்காரரின் நகரும் படிக்கட்டுக்கு வீட்டுக்காரர் ஏன் பணம் தர வேண்டும்? ஒரு சாராருக்கு மட்டுமே பயன்படும் பொதுப்பகுதியைத் தனியே பிரித்து, அதன் செலவை அவர்களே ஏற்கச் சட்டம் வழி செய்துள்ளது. ஆனால், அதற்கு உரிமையாளர்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும். கூட்டத்திற்குச் செல்லாதவர் பிறர் எடுத்த முடிவுக்குக் கட்டுப்பட நேரும்.

ஆதலின் வீடு வாங்குமுன் மூன்றினைக் கேட்டறிக. நிலப் பத்திரத்தில் உள்ள பயன்பாடு குடியிருப்பா, வாணிகமா? பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு? கடைகளுக்கும் வீடுகளுக்கும் வாயிலும் மின்தூக்கியும் தனித்தனியே உள்ளனவா? ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் உணர்ந்த பின்னரே கையொப்பமிடுக.

பயிற்சி

1. மாதப் பராமரிப்புக் கட்டணம் 120 வெள்ளி. சேமநிதி அதில் பத்து விழுக்காடு. ஓராண்டில் செலுத்த வேண்டிய மொத்தத் தொகை யாது? (விடை: 1,584 வெள்ளி)

2. கடைவீட்டின் நன்மைகள் இரண்டினையும் தீமை ஒன்றனையும் எழுதுக.

மாணவர்களே, முதற் கணக்கைப் பெற்றோருடன் அமர்ந்து செய்யுங்கள். வீட்டின் விலையோடு மாதச் செலவையும் அறிந்து குடியேறும் குடும்பமே நகரில் நிலைத்து வாழும். அவ்வறிவை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தல் உங்கள் கடன்.