சைனஸ் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்

கேள்வி: மூன்று வருடமாக வாரத்தில் நாலைந்து நாள் தலைவலி. பெங்களூரு குளிரில் வரும் சைனஸ் என்கிறார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. வலி மாத்திரையில்தான் ஓடுகிறது. உண்மையான காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, பெங்களூரு

பதில்: பாவம், இந்த ஊரில் எல்லாப் பழியும் குளிர்மேல்தான்! சைனஸ் என்று நினைத்து வருபவர்களில் பலருக்கு இருப்பது மைக்ரேன். அதிலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வழியும். பெங்களூரைச் சுற்றி நிமான்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் நடத்திய கள ஆய்வில் (2015இல் வெளியானது) நான்கில் ஒருவருக்கு மைக்ரேன் இருந்தது. ஸ்கேனில் அது தெரியாது.

எனக்கு அதைவிட உங்கள் மாத்திரைமீதுதான் சந்தேகம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால் மாத்திரையே தலைவலியைத் தரும். நிறுத்தினால் முதலில் வலி கூடும்; ஆகவே மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள்: வலித்த நேரம், எந்தப் பக்கம், குமட்டல், தூக்கம், மாதவிலக்கு, சாப்பிடாமல் விட்ட வேளை, போட்ட மாத்திரை. தலைக்குக் குளித்த நாளையும் குறியுங்கள். நம் நாட்டில் சிலருக்கு அதுவே மைக்ரேனைக் கிளப்புவது பதிவாகியிருக்கிறது. நரம்பியல் மருத்துவருக்கு இந்த நோட்டு ஸ்கேனைவிட உதவும்.

திடீரென இடிபோல் வலி, காய்ச்சலுடன் கழுத்து இறுக்கம், கை கால் மரத்தல், பேச்சுக் குழறல் வந்தால் நோட்டை விட்டுவிட்டு உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.